பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்து எல்லை ஊர்களில் உடல்நலத் தொண்டர் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலுள்ள உங்கள் வாசகசாலையின் சார்பில் 20 இளைஞர்களை உடல்நலத் தொண்டர்களாக்க விரும்புவதாகவும், மருத்துவர் ஒருவரை அழைத்து இரண்டு நாள் வகுப்பு நடத்த எண்ணியிருப்பதாகவும், அதில் எந்தெந்த நோய்களைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். "எங்கள் பக்கத்து மக்களுக்கு விழிப்புணர்வே கிடையாது" என்றும் அதோடு எழுதியிருக்கிறீர்கள். பாடத்திட்டத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் கடைசி வரியைத்தான் பேச வேண்டும். அதை நம்பித் தொடங்கிய பயிற்சிகள், சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்து முடிந்த சில மாதங்களில் ஆள் இல்லாமல் நின்றுபோனதை நம் பக்கத்தில் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

எந்த ஊரிலும், உடம்புக்கு ஏதாவது என்றால் மக்கள் போய்க் கதவைத் தட்டும் வீடுகள் சில ஏற்கெனவே இருக்கின்றன. அந்த வீடுகளில் இருப்பவர்களை யாரும் நியமிக்கவில்லை. அவர்களுக்குச் சட்டையும் அடையாள அட்டையும் கிடையாது. ஆனால் அவர்கள் சொன்னால் ஊர் கேட்கிறது. பயிற்சியை அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும், அவர்கள் இப்போதே செய்துவரும் வேலையை இன்னும் சரியாகச் செய்ய அது கைகொடுக்க வேண்டும் என்பதே என் பதிலின் சாரம். அவர்களை விட்டுவிட்டுப் புதிதாக 20 பேரைப் பதவியில் அமர்த்தினால், நம்பிக்கையை முதலிலிருந்து சம்பாதிக்கவே அந்த இளைஞர்களின் காலம் போய்விடும்.

அவர்களைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. வாசகசாலை இளைஞர்கள் இரண்டிரண்டு பேராக வீடுவீடாகப் போய் மூன்றே கேள்விகள் கேட்கட்டும். நடு இரவில் நெஞ்சு வலித்தால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? குழந்தைக்குக் காய்ச்சல் விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் யாரிடம் காட்டுவீர்கள்? பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் யாரைத் துணைக்கு அழைப்பீர்கள்? பெயர்களை மட்டும் எழுதி வரச் சொல்லுங்கள். நூறு வீடு கேட்டு முடிப்பதற்குள் ஏழெட்டுப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கிவிடும். பெரும்பாலும் அதில் ஓர் ஆட்டோ ஓட்டுநர், பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டும் மூதாட்டி, நூறுநாள் வேலையை மேற்பார்க்கும் மேட், அங்கன்வாடி உதவியாளர், மலையாளமும் தமிழும் தடையின்றிப் படிக்கும் கல்லூரி மாணவி என்று இருப்பார்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஊரின் ஒரு தெருவில் மட்டும் கேட்டு வந்த பட்டியல் அந்தத் தெருவின் பட்டியல்தான். சக்கிலியர் குடியிருப்பிலும் எரவாளர், மலசர் பழங்குடிக் குடியிருப்புகளிலும் தனித்தனியாகப் போய்க் கேட்டு, அங்கிருந்து வரும் பெயர்களை அங்கிருந்தே எடுக்க வேண்டும். வாசலில் நிறுத்திப் பேசும் வீட்டிலிருந்து வரும் தொண்டரிடம், வாசலில் நிறுத்தப்பட்டவர் தன் நோயைச் சொல்லமாட்டார்.

கேரளத்தில் இருப்பதால் உங்களுக்கு ஓர் அனுகூலமும் உண்டு. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பில், அயல்கூட்டம் எனப்படும் ஒவ்வோர் அண்டைவீட்டுப் பெண்கள் குழுவின் ஐந்து பொறுப்பாளர்களில் ஒருவர் உடல்நலத்துக்கென்றே இருக்கிறார். உங்கள் வார்டில் எத்தனை அயல்கூட்டங்கள் உண்டோ அத்தனை உடல்நலப் பொறுப்பாளர்கள் ஏட்டில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் தாங்கள் அந்தப் பொறுப்பில் இருப்பது கூட்டக் குறிப்பில் கையெழுத்துப் போடும்போதுதான் நினைவுக்கு வருகிறது. அவர்கள் மேல் குற்றமில்லை, இன்னது செய்யுங்கள் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. அவர்களோடு ஆஷா பணியாளர், துணை மையத்துச் செவிலியர், நெடுநாள் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கப் பஞ்சாயத்தின் சார்பில் வீடு வீடாக வரும் பாலியேட்டிவ் செவிலியர் ஆகியோரையும் சேர்த்து ஒரு மாலை உட்காரவைத்து, நீங்கள் திரட்டிய பெயர்களை அவர்கள் முன் வையுங்கள். எவர் எந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார், எங்கே ஆளில்லாமல் கிடக்கிறது என்பது அந்த ஒரு மாலையிலேயே வெளியாகிவிடும்.

இந்த வழி நான் கண்டுபிடித்தது இல்லை. குறைகளின் பட்டியலிலிருந்து தொடங்காமல் ஓர் ஊரில் இருக்கும் திறமைகளின் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை 1993-இல் அமெரிக்க அறிஞர்களான ஜான் கிரெட்ஸ்மனும் ஜான் மெக்நைட்டும் ஒரு முறையாகவே வகுத்தார்கள். ஆனால் நம் நாட்டில் அதற்கு வெகுமுன்பே அது நடைமுறையில் இருந்தது. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட்டில் 1970-இல் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்ற மருத்துவத் தம்பதியர் தொடங்கிய பணியில், ஊர் தேர்ந்தெடுத்து அனுப்பிய பெண்களே உடல்நலப் பணியாளர்கள் ஆனார்கள். அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பலர் தலித் பெண்கள். ஒருமுறை பயிற்சி கொடுத்து அனுப்பிவிடாமல், அவர்கள் தொடர்ந்து கூடி, ஊரில் கண்டதைச் சொல்லி, அதிலிருந்தே அடுத்த பாடத்தைக் கற்றார்கள் என்பதுதான் அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. அதே மாநிலத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர், ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்கச் செய்ததில், பணி நடந்த ஊர்களில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததை 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இன்று ஆஷா பணியாளர்கள் பிறந்த குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வருவது அந்த வேலையின் தொடர்ச்சிதான்.

கேரளத்துக்குள்ளேயே மலப்புறத்தைப் பாருங்கள். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரணப் பணி, அந்த நூற்றாண்டின் முடிவில் மலப்புறத்து ஊர்களுக்குள் பரவியபோது, மருத்துவர்களை முன்னிறுத்தாமல் அண்டை வீட்டாரை முன்னிறுத்தியது. நெடுநாள் படுக்கையில் கிடப்பவரைப் போய்ப் பார்ப்பது, சோறு கொண்டுபோவது, குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசுவது எல்லாம் ஊர் ஏற்கெனவே செய்துவந்தவை. அதன் மேல், சுமார் 16 மணி நேர வகுப்பும் செவிலியரோடு நான்கு முறை வீடுகளுக்குப் போய்வரும் நேரடிப் பயிற்சியும் சேர்ந்தன. 2008-இல் மாநில அரசே அதற்கென்று ஒரு கொள்கை அறிவிக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. உங்கள் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் செவிலியர் அந்தக் கொள்கையின் வழியாக வந்தவர்தான். உங்கள் பயிற்சியின் முதல் ஆசிரியராக நான் பரிந்துரைப்பதும் அவரைத்தான்.

இனி, இருப்பதன் மேல் கட்டுவது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு நம் பக்கத்துப் பால் சங்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். சித்தூர் வட்டம் பால் மிகுந்த இடம். விடிகாலையில் நாற்பது ஐம்பது வயதைக் கடந்தவர்கள் தூக்கும் கேனுமாக ஒரே இடத்துக்குத் தாமாகவே வருகிறார்கள். எந்த மருத்துவ முகாமும் அப்படியொரு கூட்டத்தைத் தினமும் கூட்ட முடியாது. அங்கே லாக்டோமீட்டரைப் படித்து, உறுப்பினர் எண்ணுக்கு நேராக லிட்டரையும் கொழுப்பையும் பிசகாமல் எழுதும் ஒருவர் இருக்கிறார். அளவுக் கருவியை நம்பிக்கையோடு படிக்கவும், படித்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதவும் தெரிந்தவர் அவர். தொண்டர் பயிற்சியில் கற்றுக்கொடுக்க மிகக் கடினமான பழக்கமே அதுதான்.

அப்படியொரு சங்கத்தில் ரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கிய முதல் வாரம், வரிசையிலேயே மேசை போட்டுக் கருவியை வைத்திருந்தார்கள். கேனைத் தலையிலிருந்து இறக்கிய கையோடு பட்டையைக் கட்டினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர்க்கும் அளவு ஏறித்தான் இருந்தது. பால் மாதிரி எடுக்கும் அம்மாள்தான், "ஏனுங்க சிஸ்டர், மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கறவங்களுக்குக் கட்டுனா ஏறாம என்ன பண்ணும்? பால ஊத்திப்போட்டு, சீட்டு வாங்கிட்டு, அந்தத் திண்ணைல செத்த நேரம் உக்காரட்டும், அப்புறம் பாருங்க" என்றார். மருத்துவ நெறியும் அதைத்தான் சொல்கிறது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை நெஞ்சின் உயரத்தில் தாங்கலாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீயோ பீடியோ கூடாது. பட்டை சட்டைக்கு மேல் இல்லாமல் வெறுங்கையில் கட்டப்பட வேண்டும். கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். மேசை திண்ணைக்கு நகர்ந்தது. பால் ஊற்றுவது, சீட்டு வாங்குவது, உட்காருவது, அளப்பது என்று ஓர் ஒழுங்கு தானாக அமைந்தது.

அங்கே தொண்டர் அறிய வேண்டிய எண்கள் மிகச் சில. வெவ்வேறு நாள்களில் இருமுறை பார்த்தும் 140/90-க்குக் குறையாவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவுக்குச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். 180/110-ஐத் தொட்டால் அன்றைக்கே போக வேண்டும்; அதோடு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தடுமாற்றமோ இருந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். இவற்றுக்கு மேல் ஒரு வேலை உண்டு, அதுதான் தொண்டரின் உண்மையான வேலை என்பேன்: மாத்திரை வாங்கியவர் அதை நிறுத்தாமல் சாப்பிடுகிறாரா என்று பார்ப்பது. "பிரஷர் இறங்கிடுச்சு, அதனால நிறுத்திட்டேன்" என்பதுதான் நம் ஊர்களில் பக்கவாதத்துக்கு வழிவிடும் வாசகம். தினமும் பால் ஊற்ற வருபவரிடம் அதைக் கேட்க ஒரு நொடி போதும். எல்லைக்கு அந்தப்புறம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் குழுப் பெண்களே வீட்டுக்கு வந்து பரிசோதித்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்து உறவினர்க்கு வீட்டில் கிடைப்பது இங்கே ஏன் இல்லை என்று மக்கள் கேட்பார்கள். இங்கே முறை வேறு, மாத்திரை சுகாதார நிலையத்தில் இலவசம் என்பதைத் தொண்டர் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது பிரசவம். எல்லை ஊர்களுக்கே உரிய சிக்கல் இதில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மருத்துவர் வகுப்பில் இதைச் சொல்லமாட்டார். நம் பெண்கள் பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் கிணத்துக்கடவுக்கும் வாழ்க்கைப்படுகிறார்கள். அங்கிருந்து பெண் எடுத்தும் வருகிறோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் எல்லை தாண்டி வந்துவிடுகிறாள். அங்கிருக்கும் கிராம சுகாதாரச் செவிலியரின் ஏட்டில் அவள் வெளியூர் போய்விட்டாள். இங்கிருக்கும் ஆஷாவின் ஏட்டில் அவள் பெயரே இல்லை. ஆபத்து அதிகமான கடைசி வாரங்களில்தான் இப்படி இரண்டு மாநிலங்களின் கணக்கிலிருந்தும் ஒரு பெண் நழுவிவிடுகிறாள். ஆனால் ஊருக்கு அது தெரியும். எந்த வீட்டுப் பெண் என்றைக்கு வந்தாள் என்பது எந்தப் பதிவேட்டுக்கும் முன்னால் வளைகாப்புக்குப் போய்வந்த பெண்களுக்குத் தெரியும். இதைவிடப் பெரிய பலம் ஓர் ஊருக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே அந்தப் பெண்களில் இருவர் மூவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதுதான். பெண் வந்த வாரத்திலேயே இங்கிருக்கும் ஆஷாவுக்கும் அங்கிருக்கும் செவிலியருக்கும் தகவல் போக வேண்டும். தாய்சேய் நல அட்டையின் எல்லாப் பக்கங்களையும் போனில் படமெடுத்து வைக்க வேண்டும். ரத்த வகை, ஹீமோகுளோபின், அடுத்த பரிசோதனை நாள் மூன்றையும் தனியாகக் குறிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிரசவம் பார்ப்பதானால் அங்கே பிறப்புப் பதிவுக்குப் பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணைக் கேட்பார்கள். அது அட்டையில் இருக்கிறதா என்று முன்பே பார்க்க வேண்டும். குழந்தை எந்த மாநிலத்தில் பிறக்கிறதோ அங்கேதான், 21 நாளுக்குள், பிறப்பைப் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் ஆஷா வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. தாய்வீட்டிலிருக்கும் குழந்தைக்கும் அந்த உரிமை உண்டு என்பதைக் கேட்டு வாங்கத் தெரிந்த ஓர் அக்காள் அந்தத் தெருவில் இருந்தால் போதும்.

குழந்தையைக் குளிப்பாட்டும் மூதாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் பயிற்சி நடத்துபவர்கள் பெரும்பாலும் அவரை எதிரியாகவே பார்க்கிறார்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கை ஊதுவது, தொப்புளில் பொடி போடுவது, சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது ஆகிய நான்கும் நிற்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. தொப்புள்கொடி விழும்வரை தலைக்கு ஊற்றாமல் துடைத்துவிட்டால் போதும் என்பதையும், எடை 2.5 கிலோவுக்குக் குறைவான குழந்தையைக் குளிப்பாட்டவே அவசரம் கூடாது என்பதையும் அவர் ஏற்கும்படி பேச வேண்டும். ஆனால் தெருவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் கையில் எடுக்கிறவர் அவர். உடம்பு குளிர்ந்திருப்பதையும், துவண்டிருப்பதையும், பால் இழுப்பது குறைந்ததையும் அந்தக் கை அறியும். செவிலியர் வாரம் ஒருமுறை காண்பதை அவர் நாள்தோறும் காண்கிறார். அவருக்கு நான் கற்றுத்தரச் சொல்வது மூச்செண்ணுவது. போனில் ஒரு நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டு, குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது வயிறு எழுந்து தாழும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். கையில் 60 கொட்டைகளை எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, மணி அடிக்கும் முன் கொட்டை தீர்ந்துவிட்டால் மறுபடி ஒருமுறை எண்ண வேண்டும். அப்போதும் தீர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 கொட்டை, ஐந்து வயது வரை 40. மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. இதை ஒருமுறை பழகிய மூதாட்டி, சளிக்கும் நிமோனியாவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெருவுக்கே சொல்லிக்கொடுத்துவிடுவார்.

ஆட்டோ ஓட்டுநர்களுக்கு அரை நாள் போதும், ஆனால் அந்த அரை நாள் தவறக்கூடாது. வாய் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே அவகாசம் என்பதால், அருகிலுள்ள சிறு மருத்துவமனைகளில் நின்று நின்று போகாமல் சி.டி. ஸ்கேன் இருக்கும் இடத்துக்கே நேராகப் போக வேண்டும். பாம்புக்கடியில் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த மருத்துவமனையில் இரவிலும் அது கிடைக்கும், எங்கே ஸ்கேன் உண்டு என்பதை வாசகசாலை விசாரித்து, சித்தூர், பாலக்காடு, பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என நான்கு திசைக்கும் ஓர் அட்டையில் எழுதி ஒவ்வோர் ஆட்டோவிலும் ஒட்டிவிடலாம். உங்கள் இளைஞர்கள் முதல் வாரத்திலேயே செய்து முடிக்கக்கூடிய வேலை அது.

அந்த 20 இளைஞர்களையும் வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். அவர்களுக்கும் பலம் உண்டு: இரண்டு மொழியும் படிக்கிறார்கள், போனில் படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள், வண்டி வைத்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனையின் சீட்டும் பலகையும் மலையாளத்தில், மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில், நோயாளிக்குத் தமிழ் மட்டும் என்ற நிலையில், கூடப் போய் நின்று, மருத்துவர் சொன்னதைத் தமிழில் சொல்லி, எந்த மாத்திரை எப்போது என்று அட்டையில் எழுதிக்கொடுக்கும் ஓர் இளைஞர் செய்வது பெரிய தொண்டு. ஆனால் அவர்களை மட்டும் நம்பியிருக்க முடியாது. வேலை கிடைத்ததும் கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ போய்விடுவார்கள்; போகத்தான் வேண்டும். ஆகவே, ஊர் நாடும் ஒரு மூத்தவர், அவரோடு ஓர் இளைஞர் என்று இணையாகச் சேர்த்துவிடுங்கள்.

பயிற்சியின் வடிவத்தைப் பொறுத்தவரை, தொடர்ந்து இரண்டு நாள் வகுப்பை விட்டுவிடுங்கள். பாலும் நூறுநாள் வேலையும் கெடாதபடி, வாரம் ஓர் அரை நாளாக மூன்று மாதத்துக்குப் பரப்புங்கள். ஒருமுறைக்கு ஒரே ஒரு காரியம். செவிலியர் செய்து காட்ட வேண்டும், தொண்டர் அவர் கண்முன் செய்ய வேண்டும், பிறகு ஒரு வீட்டில் செய்து வந்து சொல்ல வேண்டும். அதற்கு மேல் எழுத்துத் தேர்வு எதுவும் தேவையில்லை. மருத்துவரை அழைக்க வேண்டியது இரண்டு வேளைக்குத்தான்: எதைச் செய்யக்கூடாது என்று சொல்ல ஒருமுறை, தொண்டர் எழுதி அனுப்பும் சீட்டைத் தம் நிலையத்தில் ஏற்பதாக எல்லார் முன்னும் சொல்ல ஒருமுறை. ஊசி போடுவதும், ஆன்டிபயாடிக் கொடுப்பதும், மருந்தின் அளவை மாற்றுவதும் தொண்டரின் வேலையில் ஒருபோதும் சேராது. குடிப்பழக்கம் உள்ளவரை வீட்டில் அடைத்துத் திடீரென்று நிறுத்தவைப்பதும் கூடாது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர்க்கு அப்படி நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம் என்பதால், அது மருத்துவரின் கவனிப்பில்தான் நடக்க வேண்டும். மனம் உடைந்திருப்பவர்க்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைத் தொண்டரே அழைத்துக் கொடுக்கலாம்.

ரகசியம் காப்பதற்கென்று ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளி பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் காசநோய் உறுதியானவரின் பெயர் டீக்கடைக்குப் போகாமல் காப்பதைப் பழக்க நாளாகும். அங்கேதான் தொண்டர் அமைப்புகள் உடைகின்றன. ஒருவர் விஷயம் ஒருமுறை வெளியே போய்விட்டால், அடுத்தவர் கருவியை வைத்து அளக்கக்கூடக் கை நீட்டமாட்டார். யாரிடம் சொன்னால் வெளியே போகாது என்பதும் ஊருக்குத் தெரிந்ததுதான். பெயர்ப் பட்டியலை இறுதி செய்யும்போது அதையும் தனியாக விசாரியுங்கள்.

இருப்பதை வைத்துக் கட்டுவது என்றால், இல்லாததைப் பொறுத்துக்கொள்வது என்று யாரும் பொருள்கொள்ளக்கூடாது. இந்த முறைக்கு நேரும் பெரிய கேடு அதுதான்: "ஊரே பார்த்துக்கொள்கிறது" என்று சொல்லி அரசு தன் கடமையிலிருந்து நழுவுவதற்கு அது சாக்காகிவிடுகிறது. கேட்டு வாங்கும் திறமையும் ஓர் ஊரின் பலத்தில் சேர்ந்ததே, அதற்கு நாம் வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை. பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை 2000-இல் வந்த பிறகு, கிணற்று நீர் கடுத்துச் சமையலுக்கும் குளிப்பதற்கும் உதவாமல் போனதை முதலில் கண்டவர்கள் அங்கே நீர் இறைத்த பழங்குடிப் பெண்கள். எரவாளர் குலத்து மயிலம்மாள் முன்னின்ற போராட்டம் 2002 ஏப்ரலில் தொடங்கியது. 2003-இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. எந்த நிபுணரின் அறிக்கைக்கும் முன்னால் அந்த அடுப்பங்கரைகளில் சான்று இருந்தது. நம் வட்டத்துக் கிழக்குப் பகுதியில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதால் இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஃபுளோரைடை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. காய்ச்சினால் போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை கண்டால் அந்த வீட்டுக் கிணற்றையும் ஆழ்குழாயையும் குறித்து, மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுத்து, முடிவுத் தாளோடு கிராம சபைக்குப் போகத் தொண்டர்களுக்குத் தெரிய வேண்டும்.

இதே காரணத்தால் ஆஷாவின் வேலையைத் தொண்டர்களிடம் தள்ளிவிட இடம் கொடுக்காதீர்கள். கேரளத்து ஆஷா பணியாளர்கள் ஊதியத்துக்காக 2025 பிப்ரவரியிலிருந்து தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்து நெடுநாள் போராட வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமலிருக்க, சம்பளமில்லாத் தொண்டர்கள் ஒரு வழியாக ஆகிவிடக்கூடாது. அதேபோல, பாதி நாள் கூலியை விட்டுப் பயிற்சிக்கு வரும் பெண்ணுக்குப் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் அந்தக் கூலியும் தர வாசகசாலை முன்கூட்டியே பணம் ஒதுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வசதியுள்ள வீட்டார் மட்டுமே தொண்டர்களாக மிஞ்சுவார்கள்.

கணக்கு வைப்பதற்கு ஒரே ஒரு நோட்டு போதும். எத்தனை முகாம், எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அதில் எழுத வேண்டாம். ரத்த அழுத்தம் இருப்பதாகத் தெரிந்தவர்களில் ஆறு மாதம் கழித்து எத்தனை பேர்க்கு 140/90-க்குள் இருக்கிறது, தாய்வீட்டுக்கு வந்த பெண்களில் எத்தனை பேரை ஆஷா வந்து பார்த்தார், அனுப்பிய சீட்டுகளில் எத்தனைக்கு மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது ஆகிய மூன்றையும் எழுதி, மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னும் படியுங்கள். மூன்றாவது எண்ணிக்கை குறைவாக இருந்தால் கோளாறு தொண்டர்களிடம் இல்லை. அந்த நோட்டோடு மருத்துவ அலுவலரைப் போய்ப் பாருங்கள்.

கேரளத்தில் கிராம சபை வார்டுக்கு ஒன்றாகக் கூடுகிறது. பஞ்சாயத்தின் ஆண்டுத் திட்டம் உருவாகும் கூட்டத்துக்கு முன்பாக, நீங்கள் திரட்டிய பெயர்களையும், இரண்டு ரத்த அழுத்தக் கருவிகள், பெரிய அளவிலும் நடு அளவிலும் கைப்பட்டைகள், ஒரு குழந்தை எடைத் தராசு, பயிற்சி நாள் கூலி ஆகியவற்றுக்கான செலவுக் கணக்கையும் எழுதி, பாலியேட்டிவ் செவிலியரின் கையெழுத்தையும் வாங்கி, வார்டு உறுப்பினரிடம் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில் அதைப் படிக்க, உங்கள் பட்டியலில் அதிக வீடுகளில் சொல்லப்பட்ட பெயருக்கு உரியவரையே எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.